ஊசி போட்ட மறுவாரம்

மார்ச் 2

ஏய் வாயாடி,

திட்டிக்கொண்டேதான் இதைப் பிரிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, பிரி. போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால்தான் இந்த ஏற்பாடு. உங்கள் ஊர் வண்டி எங்கள் சலவைக் கடைக்கு எதிரில்தான் நின்று, டீ குடித்துவிட்டுப் புறப்படுகிறது. கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டால், நீ பேருந்து நிலைய மைக்கில் அந்த வண்டியை அறிவித்து முடிப்பதற்குள் கடிதம் உன் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்துவிடும். அவர் கேட்டார், "ஏம்மா, அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வீட்லயும் போன் இல்லையா?" என்று. "இருக்கு, அதான் பிரச்சினையே" என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளை சுண்டெலிக்கு இந்த மாதத்து மருந்தை ஏற்றி முடித்துவிட்டார்கள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான் முட்டை மாதிரி இருக்கேன், யாரும் உடைச்சிடாதீங்க" என்கிறான். ஆறு வயதுக்கு இந்த வாய் உன்னிடமிருந்து வந்ததுதான்.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். ரத்தப் புற்றுநோயைக் கொல்கிற மருந்து, நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறதாம். கைக்குழந்தையில் அவனுக்குப் போட்ட தட்டம்மை ஊசியின் பலனும் அதோடு போயிருக்கும், இனி நம்ப முடியாது என்றார். இப்போது திரும்பப் போடவும் வழியில்லை. அது உயிருள்ள கிருமியை நலிய வைத்துச் செய்கிற ஊசி, இவன் உடம்பு அதையும் தாங்காது. அவனுக்குத் தட்டம்மை வந்தால் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அவனைச் சுத்தி இருக்கிற எல்லாரும் போட்டிருக்கணும். அவனுக்கு அதுதான் காப்பு" என்றார்.

உன் மாமா இருபதாம் தேதி லாரி எடுத்துக்கொண்டு நீண்ட நடைக்குப் போகிறார். நீ வந்து கூட இருக்கிறேன் என்றாய். வா. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் உங்கள் பக்கம் தட்டம்மை பரவுகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். நீயோ அந்தப் பேருந்து நிலையத்தில், ஊர் உலகமே வந்து தும்முகிற இடத்தில் உன் குட்டிப்பெண் பூசணியைக் கூடவே வைத்திருக்கிறாய். அவளுக்கு ஊசியைப் போட்டுவிட்டுக் கூட்டி வா. போடாமல் என் வாசலை மிதிக்காதே.

உன் பதில் வந்தால் அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டிவிட்டுத்தான் படிப்பேன். சிரிக்காதே. வாடிக்கையாளர் கொடுக்கிற ரூபாய் நோட்டைக்கூடத் தேய்க்கிறேன். பயம் அப்படிப் பண்ணுகிறது.

அக்கா

மார்ச் 4

அக்கா,

தேய்த்துவிட்டாயா? நல்லது, இனிப் படி.

வாசலை மிதிக்காதே என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? என் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். மைக் திறந்திருப்பதை மறந்து "அடிப்பாவி" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் மேடையில் நின்ற ஒரு அம்மா தன்னைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

என் பெரியவனுக்கு ஒன்றரை வயதில் நடந்தது உனக்குக் காதில் விழுந்த செய்தி. எனக்கு மடியில் நடந்தது. ஊசி போட்டு மறுவாரம். உடம்பு அனலாகக் கொதித்தது. ஈரத்துணியால் துடைக்கலாம் என்று தூக்கினேன். கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலமாகிவிட்டது. கூப்பிடுகிறேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் செத்த பிள்ளையைத்தான் கையில் வைத்திருந்தேன் அக்கா. செருப்பில்லாமல் தெருவில் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. "காய்ச்சல்ல வர்ற வலிப்பும்மா. ஒண்ணும் ஆகாது" என்றார். போன வாரம் ஊசி போட்டோம் சார், அதனால் இருக்குமோ என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். "ஊசி போன வாரம், வலிப்பு இந்த வாரம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. நெட்ல கண்டதையும் படிச்சிட்டு வராதீங்க" என்றார். நான் அதுவரை எதையுமே படித்ததில்லை. அவர் சொன்ன பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

இப்போது ஒரு அம்மாக்கள் குழுவில் இருக்கிறேன். நீ கேலி செய்வாய். அங்கே பேசுவதில் பாதி உளறல் என்று எனக்கும் தெரியும். ஒருத்தி எல்லா நோய்க்கும் வெங்காயத்தைக் காலில் கட்டச் சொல்கிறாள். ஆனால் நான் நடந்ததைச் சொன்னபோது அவர்கள்தான் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியை அந்த டாக்டர் கேட்டிருந்தால் நான் இந்தக் குழு பக்கமே போயிருக்க மாட்டேன்.

பெரியவன் நன்றாகத்தான் இருக்கிறான். பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது. அதனாலா, இல்லை எங்கள் வீட்டில் நான் ஒருத்தியே எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதாலா என்று இவர் கேட்கிறார். எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

சுண்டெலிக்காக என் உயிரைக் கேள், இந்தா என்று தருகிறேன். பூசணியின் தொடையை மட்டும் கேட்காதே.

உன் தங்கை

மார்ச் 6

வாயாடி,

உயிரைத் தருகிறாயாம் உயிரை. யாருக்கு வேண்டும் உன் உயிர்? அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து வைக்கவா? நான் கேட்டது ஒரு ஊசி.

கோபமாக எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்காமல் விட்டுவிடுகிறேன், இருக்கட்டும்.

சுண்டெலியின் வார்டில் எதிர்க் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். இவனோடு திரைச்சீலைக்கு அடியில் கார் உருட்டி விளையாடுவாள். அவளைப் பார்க்க வந்த யாரோ சளியோடு வந்திருக்கிறார்கள். தட்டம்மை இல்லை, வெறும் சளி. போன வாரம் கட்டிலைக் காலி செய்து புது விரிப்புப் போட்டுவிட்டார்கள். "அவ வீட்டுக்குப் போயிட்டாளாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "என் காரை எடுத்துட்டுப் போயிட்டா" என்று கோபித்துக்கொண்டான். நான் கழிப்பறைக்குள் போய்த் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெறும் சளியே இப்படியென்றால், மற்றது எப்படி இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. யாராவது தெருவில் இருமினால் கடையின் இரும்புக் கதவை இழுத்துவிடுகிறேன்.

நீ மட்டும்தான் படித்தாய் என்று நினைக்காதே. நானும் படித்தேன். சின்ன வயதில் போட்ட ஊசியால்தான் இவனுக்கு ரத்தத்தில் இந்த நோய் வந்தது என்று எவனோ போட்டிருந்தான். ஒரு மத்தியானம் முழுக்க அதை நம்பி, நானே என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இல்லை என்றார். இல்லை என்று எப்படித் தெரியும், எத்தனை பிள்ளைகளை எத்தனை வருஷம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்றும் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

உனக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அது உன் தப்பில்லை. ஆனால் அதற்கு என் பிள்ளை என்ன செய்வான்?

திட்டிக் கேட்டுப் பார்த்தாயிற்று. இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். உன் காலில் விழ வேண்டுமென்றாலும் வந்து விழுகிறேன், வழியில் யாரும் இருமாமல் இருந்தால்.

அக்கா

மார்ச் 13

அக்கா,

போட்டாயிற்று.

முதல் தடவை போனபோது வரிசையில் நின்றேன், முறை வந்தது, பூசணியின் காற்சட்டையை மேலே தூக்கினார்கள். அந்த வெள்ளைத் தொடையைப் பார்த்ததும் பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து இவரிடம், "நான் அம்மாவா, கோழையா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான், அதுக்கென்ன இப்ப" என்றார் இவர். நல்ல மனுஷன், ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாது.

மறுநாள் வேலையில் உங்கள் ஊர் வண்டி வந்தது. வண்டி எண்ணைச் சொன்னேன், மேடையைச் சொன்னேன். ஊரின் பெயரைச் சொல்லாமலே மைக்கை அணைத்துவிட்டேன். ஜனமெல்லாம் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் காலிக் கட்டில்தான் கண்ணுக்குள் நின்றது. அவன் காரை எடுத்துக்கொண்டு போன பெண்.

நேற்றுப் போய்ப் போட்டுவிட்டேன். பெரியவனுக்கு நடந்ததை நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். "காய்ச்சல் வரலாங்க, வந்தா இந்த மருந்தைக் கொடுங்க. அப்புறம் இன்னொண்ணு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம் ஆகட்டும்மா, நாங்க வேலைக்குப் போகணும்" என்று சத்தம் போட்டார். நான் ஏற்கனவே பாதி உயிரோடு இருந்தேன், எழுந்து வந்துவிட்டேன். பூசணி ஒரு நொடி அழுதாள். அப்புறம் நர்ஸின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். நான்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.

உடனே வரச் சொல்லாதே. பெரியவனுக்கு வந்தது மறுவாரத்தில். எந்த நாள் என்று நினைவில்லை, அந்த வாரமே எனக்கு ஒரே நாளாகத்தான் இருக்கிறது. அது தாண்டட்டும். அதுவரை நான் என் வீட்டில், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அவளுக்கு என் கையே பிடிக்காமல் போய்விட்டது, தட்டிவிடுகிறாள்.

தங்கை

மார்ச் 19

என் ராசாத்தி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. கடைக்கு வந்த ஒரு பெண், "என்னங்க, நல்ல சேதியா?" என்று கேட்டாள். என் தங்கச்சி மாதிரி யாருக்கும் வாய்க்காது என்றேன். பாவம், அவள் சட்டை வாங்க வந்தவள்.

உன் மாமா நாளைக்குக் கிளம்புகிறார். கடையில் உதவிக்கு இருந்த பெண்ணுக்குச் சளி என்று நானே நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை சுண்டெலிக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு ஆளாக என்னால் முடியவில்லை. வாரம் ஆகிவிட்டது, பூசணிக்கு ஒன்றும் வரவில்லை. நீ இன்னும் கொஞ்ச நாள் என்கிறாய். எதற்கு? வரவேண்டியது என்றால் இதற்குள் வந்திருக்கும். அப்படியே வந்தாலும் இங்கே நான் இல்லையா, ஆஸ்பத்திரி இல்லையா? கிளம்பு. பெரியவனை அவன் அப்பா பார்த்துக்கொள்வார். "சித்தி வந்தா எந்தப் பக்கம் படுப்பாங்க?" என்று இவன் தலையணையை மாற்றி மாற்றி வைக்கிறான்.

அக்கா

மார்ச் 24

உனக்கு,

அக்கா என்று எழுத வரவில்லை.

நீ கதவைச் சாத்திய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

உன் வீட்டில் அன்றைக்குக் காலையில் பூசணி சுண்டெலியின் கட்டிலில் ஏறி, தான் கடித்த பிஸ்கெட்டை அவன் வாயில் திணித்தபோது நீ சிரித்தாய். மத்தியானம் அவள் உடம்பு சுட்டது. சட்டையைக் கழற்றினேன். கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ என்ன செய்வது என்று சொல்வாய் என்று பார்த்தேன். நீ என்ன சொன்னாய்? "பொய்யி! ஊசி போடவே இல்ல நீ! வரிசைல நின்னுட்டு ஓடி வந்திருப்பே, உன்னைத் தெரியாதா எனக்கு? என் பிள்ளையைக் கொல்ல வந்தியா?" என்றாய். போட்டேன் என்று சத்தியம் செய்தேன். கார்டு பையில் இருக்கிறது என்றேன். நீ பையையே தெருவில் வீசினாய். காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையைத் தோள்பட்டையில் பிடித்து இழுத்து என் கையில் திணித்தாய். நாங்கள் படியிறங்கும்போது எங்கள் பின்னாலேயே கிருமிநாசினித் தண்ணீரை ஊற்றிக் கழுவினாய். என் கால் நனைந்தது.

எதிரில் நின்ற வண்டியில் ஏறினேன். ஊருக்குப் பாதி வழியில் அவளுக்கு வலிப்பு வந்தது. அண்ணனுக்கு வந்த மாதிரியே. அதே கண், அதே நீல உதடு. எனக்குக் குரலே வரவில்லை. நாள் முழுக்க மைக்கில் கத்துகிறவளுக்கு "ஐயோ" என்று ஒரு வார்த்தை வரவில்லை. கண்டக்டர் அண்ணன்தான் பார்த்தார். வண்டியை நிறுத்தி, ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்லி, அவளைச் சீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். "வாயில எதையும் வைக்காதீங்க, சும்மா விடுங்க, நின்னுடும்" என்றார். நின்றது. ஒரு அரை நிமிஷமா, ஒரு ஆயுளா, தெரியாது. டிரைவர் நிலையத்துக்குப் போகாமல் வண்டியை நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு விட்டார். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. ஒரு வண்டி ஜனமும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது. என் அக்கா வரவில்லை.

இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. தூங்குகிறாள். ஊசியால் வந்த தடிப்பாக இருக்கலாம், நிஜத் தட்டம்மையாகவும் இருக்கலாம் என்கிறார்கள். ஊசி பலன் கொடுப்பதற்குள்ளேயே நிலையத்தில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருந்தால்? தொண்டையிலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நிஜமாக இருந்தால், அந்தப் பிஸ்கெட்டு? இதை நினைத்தால் உன்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. முடியவில்லையே என்கிற கோபமும் சேர்ந்துகொள்கிறது. சுண்டெலிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுதாதே.

மார்ச் 25

என் தங்கமே,

சுண்டெலிக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. வேறு ஒன்றும் எழுதாதே என்றாய். என்னால் முடியவில்லை.

நீ போனதும் அவனைப் போர்வையில் சுற்றி, வாடகை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போகும் முன்னால் வீட்டிலிருந்த துணி அத்தனையையும் கொதிக்கிற அண்டாவில் தள்ளிவிட்டேன். அதில் ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டும் வெந்துவிட்டது. இப்போது அதைப் பொம்மைக்குத்தான் போடலாம். என் புத்தி இருந்த நிலையைச் சொல்கிறேன்.

டாக்டரம்மாவிடம், "தங்கச்சி ஊசி போட்டதாப் பொய் சொல்லிட்டு நோயைக் கூட்டிட்டு வந்துட்டா" என்று கத்தினேன். அவர் முதலில் கேட்டது, "எப்ப போட்டதாச் சொன்னாங்க?" என்றுதான். தேதியைச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத்தாம்மா அந்தக் காய்ச்சல் வரும். சில பிள்ளைங்களுக்குத் தடிப்பும் வரும். அவங்க பொய் சொல்லல, போட்டதனாலதான் இது வந்திருக்கணும். இந்தத் தடிப்பு இவனுக்குத் தொத்தாது" என்றார். ஆனாலும் பரவுகிற நேரம், பரிசோதனை வரும்வரை சும்மா இருக்க முடியாது என்று சொல்லி, யாரோ முகம் தெரியாதவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தியை இவனுக்கு ஏற்றினார்கள். இதெல்லாம் நடக்கும்போது நீ வண்டியில் இருந்திருக்கிறாய்.

இன்னொன்றும் கேட்டேன். உன் கடிதம் வந்த பிறகு போய்க் கேட்டேன். பெரியவனுக்கு மறுவாரம் வந்ததைச் சொன்னேன். "அதுவும் ஊசியால வந்த காய்ச்சல்தான். அந்தக் காய்ச்சல்லதான் வலிப்பு வந்திருக்கு. சம்பந்தமே இல்லைன்னு சொன்னது தப்பு. ஆயிரக்கணக்கான பிள்ளைங்கள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு இப்படி வரும், அண்ணனுக்கு வந்தா தங்கைக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பார்க்கிறவங்களுக்கு உயிரே போயிடும். ஆனா பிள்ளையோட மூளைக்கு ஒண்ணும் ஆகாது, பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இதை அன்னிக்கே உட்கார வெச்சுச் சொல்லியிருக்கணும்" என்றார்.

நீ சொன்னது சரி. இத்தனை வருஷமாக எல்லாரும் உன்னைக் கிறுக்கி மாதிரி பார்த்தோம். நானும்தான். ஊசி போடு போடு என்று உன் கழுத்தைப் பிடித்த நான், போட்ட பிறகு என்ன வரும் என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் என்று நீ கேட்டதையும் கொடுக்கவில்லை.

அந்தத் தடிப்பைப் பார்த்த நேரத்தில் நீ எனக்குத் தங்கையாகத் தெரியவில்லை, அவள் குழந்தையாகத் தெரியவில்லை. காலிக் கட்டிலும் புது விரிப்பும்தான் தெரிந்தது. இது சமாதானம் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். பூசணியின் தோளில் என் விரல் பதிந்ததா? அதை மட்டும் எனக்குச் சொல்லிவிடு.

இவன் கேட்கிறான், "சித்தி ஏன் டாட்டா சொல்லாமப் போயிட்டாங்க?" என்று. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது என்றேன். "சித்தியைப் பார்த்தா?" என்றான்.

அக்கா

மார்ச் 31

வாயாடி,

பரிசோதனை முடிவு உங்களுக்கும் வந்திருக்கும். எங்களுக்குக் காலையில் சொன்னார்கள். ஊசியில் இருந்த கிருமிதான், நோய் இல்லை. தொற்றாது. சுண்டெலிக்கு ஒன்றும் இல்லை. ரத்த அணுக்களின் அளவும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கேட்டதும் ஆஸ்பத்திரித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பெருக்குகிற அம்மா எழுப்பிவிட்டார்.

ஆனால் நீ எழுதவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. கண்டக்டர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலேயே கடிதத்தை வாங்குகிறார். "உங்க தங்கச்சி மைக்ல நல்லாத்தான் பேசறாங்க. இந்த வண்டி வந்தா மட்டும் பக்கத்துல இருக்கிறவங்களைச் சொல்லச் சொல்லிடறாங்க" என்றார். அவர் அதைத் திட்டுவது போலத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இவனுக்கு வருகிற நோய்க்கெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். உன்னை இழந்துவிடுவேன் என்று பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. நாலு வரி திட்டியாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

விரல் பதியவில்லை. பதிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. உன் பிள்ளைக்காக நீ பேயாக மாறினாய், எனக்குப் புரிகிறது. நானும் மாறியிருப்பேன். புரிவது வேறு, கால் நனைந்தது வேறு. கொஞ்ச காலம் எடுக்கும். நீ அவசரப்படுத்தாதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு.

டாக்டரம்மா பெரியவனைப் பற்றிச் சொன்னதை எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு அந்தப் பழைய டாக்டரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் படித்தார். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "அன்னிக்கு நான் உங்களை நிமிர்ந்து பார்த்திருக்கணும்" என்றார். அவர் அவ்வளவுதான் சொன்னார். வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாக்கள் குழுவில் நடந்ததை முழுக்க எழுதினேன். ஊசியால்தான் வலிப்பு வந்தது என்பதை எழுதியதும் நூறு பேர் ஓடி வந்து, பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே என்றார்கள். அவள் நன்றாக இருக்கிறாள், சுண்டெலிக்காகப் போட்டேன், மறுபடியும் போடுவேன் என்று எழுதியதும் என்னைக் குழுவை விட்டு நீக்கிவிட்டார்கள். அங்கேயும் கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்குப் பழகிவிட்டது போ.

பூசணிக்கு அடுத்த ஊசி இன்னும் சில மாதத்தில். அதற்கு இவ்வளவு காய்ச்சல் வராது என்று சொல்கிறார்கள், நம்புகிறேன். நம்பினாலும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. சரி என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. அந்த நீல உதட்டை இரண்டு முறை பார்த்தவள் நான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஊசி போட்ட மறுவாரம் மாமாவை லாரியை நிறுத்திவிட்டுச் சுண்டெலியைப் பார்த்துக்கொள்ளச் சொல். கடையைப் பூட்டு. நீ இங்கே வா. டாக்டரம்மா சொன்னதை எனக்குத் திரும்பச் சொல்ல வேண்டாம், எனக்கே மனப்பாடம். தைரியம் சொல்லவும் வேண்டாம். அந்த வாரம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெற்றியை நீயும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து பயப்படு. அது போதும்.

உன் தங்கை